பாலம் எட்டவில்லை: பின்னம் கற்பிக்கும் விளையாட்டை இரண்டு முறை செய்ததன் நிகழ்வு ஆய்வு

எங்கள் முதல் விளையாட்டு வகுப்புக்குப் போய் மூன்றாவது வாரம். ஆசிரியை ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"விளையாட்டுல எல்லாரும் நல்லா வாங்குறாங்க. ஆனா இன்னைக்கு வகுப்புல முக்கால் பெரிசா, அரை பெரிசான்னு கேட்டேன். நிறையப் பேர் அரைன்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா, கீழ இருக்குற எண் சின்னதா இருந்தா அதுதான் பெரிசு, விளையாட்டுல அப்படித்தான்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் பதிவுதான் இது. இணையவழி வகுப்புகளுக்காகக் கல்வி விளையாட்டு செய்ய நினைப்பவர்களுக்கு எங்கள் முதல் பதிப்பின் தோல்வி இரண்டாவது பதிப்பைவிட அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் பதிப்பு

நாங்கள் மூன்று பேர். ஒருவர் நிரல் எழுதுபவர், ஒருவர் படம் வரைபவர். பாடத்தை விளையாட்டாக வடிவமைப்பது என் வேலை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னம் என்று முடிவு செய்திருந்தோம். வீடியோ அழைப்பில் ஆசிரியர் பாடம் நடத்துவார், நடுவில் ஓர் இணைப்பை அனுப்புவார், பிள்ளைகள் அதைத் திறந்து விளையாடிவிட்டுத் திரும்ப வருவார்கள். எதையும் இறக்கி நிறுவச் சொல்லக்கூடாது, உலாவியிலேயே ஓட வேண்டும். அப்பா அம்மாவின் போனைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கிப் படிக்கிற பிள்ளையிடம் "முதலில் இதை நிறுவு" என்று சொன்னால் பாதி வகுப்பு அங்கேயே நின்றுவிடும்.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அதே 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம், உலாவியில் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன் இருபது ஆண்டுகளாகச் செய்து குவிந்திருந்த கல்வி விளையாட்டுகளில் ஏராளமானவை ஃபிளாஷில் இருந்தவை. பிள்ளைகள் திரைக்கு வந்த நேரத்தில் திரையில் இருந்தவை ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த இடைவெளியை அவசர அவசரமாக நிரப்பியவர்களில் நாங்களும் உண்டு. அவசரத்தில் எல்லோரும் கையில் எடுப்பதையே நாங்களும் எடுத்தோம்: ஓட்ட விளையாட்டு.

ஒரு முயல் ஓடும். வழியில் கதவு வரும். கதவில் ஒரு கேள்வி: 1/3, 1/4 இவற்றில் பெரியது எது? சரியானதைத் தொட்டால் கதவு திறக்கும், காசு விழும். தவறானதைத் தொட்டால் ஓர் உயிர் போகும். வார இறுதியில் யார் அதிகக் காசு வைத்திருக்கிறார் என்று ஒரு பட்டியல். பார்க்க அழகாக இருந்தது, பிள்ளைகளுக்கும் பிடித்தது. ஆசிரியர்களின் திரையில் மதிப்பெண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

போன் வந்த அன்று இரவு மூவரும் உட்கார்ந்து பதிவுகளைத் திறந்தோம். அதுவரை சரி எத்தனை, தவறு எத்தனை என்பதை மட்டுமே பார்த்திருந்தோம். கேள்வி திரையில் தோன்றியதற்கும் விரல் பட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதும் பதிவாகியிருந்தது, அதை நாங்கள் திறந்தே பார்க்கவில்லை. பல பிள்ளைகளுக்கு அது ஒரு நொடிக்கும் குறைவு. இரண்டு பின்னங்களைப் படித்து, மனத்தில் நிறுத்தி, ஒப்பிட ஒரு நொடி போதாது. அவர்கள் ஒப்பிடவே இல்லை. கீழே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து, சின்னதைத் தொட்டிருக்கிறார்கள்.

தொட்டால் எப்போதும் சரி. ஏனென்றால் நாங்கள் கொடுத்த கேள்விகள் எல்லாமே 1/2, 1/3, 1/5 என்று மேலே ஒன்று உள்ள பின்னங்கள். எளிமையாகத் தொடங்குவோம் என்று அப்படி வைத்திருந்தோம். கீழே சின்ன எண் என்றால் பின்னம் பெரிது என்ற விதி அந்த உலகத்துக்குள் நூற்றுக்கு நூறு வேலை செய்தது. வெளியே வந்து 3/4ஐயும் 1/2ஐயும் பார்த்ததும் அதே விதி பிள்ளைகளைக் கவிழ்த்தது.

சிறு பிள்ளைகள் பின்னத்தைத் தொடக்கத்தில் தவறாகப் படிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். நான்கு மூன்றைவிடப் பெரிது, அதனால் 1/4 பெரிது என்பார்கள். முழு எண்ணில் சரியாக இருந்த பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருவார்கள். எங்கள் விளையாட்டு அந்தப் பழைய தவறைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு புதுத் தவறைப் பொருத்தியிருந்தது. இரண்டிலும் பின்னம் ஓர் அளவு என்ற எண்ணமே பிள்ளைக்கு வரவில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

பிள்ளைகள் மேல் எந்தக் குறையும் இல்லை. நாங்கள் காசு கொடுத்தது வேகத்துக்கு, அவர்கள் வேகத்தைக் கற்றார்கள். விளையாட்டு எதற்குப் பரிசு தருகிறதோ அதைப் பிள்ளைகள் மிகத் துல்லியமாகக் கற்றுக்கொள்வார்கள். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால் நான்கு மாத வேலை மிஞ்சியிருக்கும்.

பழைய வேலைகளிடம் போனோம்

அடுத்த இரண்டு வாரம் நிரல் எழுதவில்லை, படித்தோம். அதில் எங்கள் வேலையை நேரடியாக மாற்றியவற்றை மட்டும் சொல்கிறேன்.

1970களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து பிளேட்டோ கணினி அமைப்பில் 'டார்ட்ஸ்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. ஷாரன் டக்டேல், டேவிட் கிப்பி இருவரும் செய்தது. திரையில் ஓர் எண்கோடு, அதில் அங்கங்கே பலூன்கள். பலூன் எந்த இடத்தில் இருக்கிறது என்று பின்னமாகத் தட்டினால் அந்த இடத்துக்கு ஓர் அம்பு பாயும். 1980இல் தாமஸ் மலோன் ஸ்டான்ஃபோர்டில் தன் ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டு, அம்பு, பலூன், இசை, மதிப்பெண் என்று ஒவ்வொன்றாக நீக்கியும் சேர்த்தும் பல வடிவங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பலூனை அம்பு உடைக்கும் கற்பனை பையன்களுக்குப் பிடித்தது, பெண் பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது அதில் வந்த முடிவுகளில் ஒன்று. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அலங்காரம் பொருந்தாது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அம்பு குறி தவறும்போது நடப்பது. நீங்கள் தட்டிய எண் எங்கே இருக்கிறதோ, அம்பு அங்கே போய் நிற்கும். பலூனுக்கு மேலேயா, கீழேயா, எவ்வளவு தூரம் என்பது கண்ணெதிரே தெரியும். 'தவறு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முயல் விளையாட்டில் தவறான விடைக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் ஒரு 'டொய்ங்' ஒலியும் இருந்தன. 1/4ஐத் தொட்ட பிள்ளைக்கு 1/4 எவ்வளவு என்று அது ஒருபோதும் காட்டவில்லை.

இரண்டாவது, ஜேக்கப் ஹப்குட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. வகுத்தல் பயிற்சிக்கு ஒரு சண்டை விளையாட்டு. எதிரே வரும் எலும்புக்கூடுகளின் மார்பில் எண் இருக்கும், அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணுக்குரிய ஆயுதத்தால் அடித்தால்தான் வீழும். இதே விளையாட்டுக்கு இன்னொரு வடிவமும் செய்தார்கள். அதில் சண்டை தனி, கணக்கு தனி, நிலைகளுக்கு நடுவே கேள்விகளாக வரும். ஒரே அளவு நேரம் கொடுத்தபோது, கணக்கு சண்டைக்குள்ளேயே இருந்த வடிவத்தில் விளையாடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது அந்த வடிவத்தில் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். எங்களுடைய முயல், கதவு ஏற்பாடு அந்த இரண்டாவது வடிவம்தான். முயலுக்குப் பின்னத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தக் கதவில் எழுத்துப்பிழை திருத்தச் சொன்னாலும் விளையாட்டு அப்படியே ஓடியிருக்கும்.

மூன்றாவது, காசு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்த சோதனை. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள, வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பிள்ளைகள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினரிடம் முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு பேனாவைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். இதைப் படித்த அன்றே காசையும் வாரப் பட்டியலையும் நீக்குவது என்று முடிவானது. படம் வரைபவருக்குத்தான் வருத்தம், அந்தக் காசு சுழல்வதை அவ்வளவு அழகாகச் செய்திருந்தார்.

பலகையும் ஆறும்

இரண்டாவது பதிப்பில் கேள்வியே கிடையாது. ஓர் ஆறு, அதன் குறுக்கே ஓர் உடைந்த பாலம், இந்தக் கரையில் ஒரு வண்டி. கரையோரமாக 0, 1, 2 என்று குறித்த எண்கோடு. பிள்ளையிடம் ஒரு முழு நீளப் பலகையும் ஒரு ரம்பமும் இருக்கும். பலகையை எத்தனை சமத் துண்டுகளாக வெட்ட வேண்டும் என்று ரம்பத்தில் எண்ணைத் திருகலாம்: 2, 3, 4, 5, 6, 8, 10, 12. வெட்டிய துண்டுகளை இழுத்து இடைவெளியில் வைக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் வண்டி போகும். குறைந்தால் கடைசிப் பலகை ஆற்றில் விழும். நீண்டால் அக்கரையில் முட்டி நட்டுக்கொண்டு நிற்கும். உயிர் எண்ணிக்கை இல்லை, கடிகாரம் இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்கலாம்.

நான்காக வெட்டிய துண்டு மூன்றாக வெட்டியதைவிடச் சின்னது என்று எங்கும் எழுதவில்லை. ரம்பத்தை 3இல் இருந்து 4க்குத் திருகினால் துண்டு சுருங்குவது தெரியும், அவ்வளவுதான்.

வண்டி புறப்படும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு சின்னக் கொடியை, தான் வைத்த பலகைகள் எட்டும் என்று நினைக்கும் இடத்தில் எண்கோட்டில் நட வேண்டும். இது வேகத்தைக் கெடுக்கிறது என்று நிரலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கெடுக்கத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கொடி நடும் அந்த மூன்று நான்கு நொடியில்தான் பிள்ளை பின்னத்தை ஓர் இடமாக, ஓர் அளவாக மனத்தில் பார்க்கிறது. முதல் பதிப்பில் ஒரு நொடிக்குள் முடிந்துபோன யோசனை இங்கே நடந்தாக வேண்டும்.

எண்கோட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வட்டத்தை வெட்டிக் காட்டும் படத்தில் ஒன்றுக்கு மேல் போகும் பின்னம் நிற்பதே இல்லை. 5/4 என்றால் இரண்டு வட்டம் வரைய வேண்டும், பிள்ளை அதை எட்டில் ஐந்து என்று எண்ணிவிடும். கோட்டில் அந்தச் சிக்கல் கிடையாது, 1ஐத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் 5/4. கோட்டுக்குப் பலம் இருக்கிறது என்பதற்கு ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரின் ஆய்வுகளும் எங்களுக்குத் தைரியம் கொடுத்தன. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளோடு 1 முதல் 10 வரை நேர்கோடாக எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தும் ஓர் எளிய விளையாட்டை ஆடினார்கள். ஒவ்வொன்றும் கால் மணி நேரம் கொண்ட நான்கே அமர்வுகளில் எண்ணின் அளவு பற்றிய புரிதல் கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் அந்தப் பலன் வரவில்லை.

விடையைச் சரிபார்ப்பது எப்படி என்பதில் ஒரு சிறிய தொழில்நுட்ப முடிவு எடுத்தோம், அதை நான் மிகவும் மதிக்கிறேன். முதலில் ஒவ்வொரு பாலத்துக்கும் இதுதான் விடை என்று பலகைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தோம். 5/6 நீளமுள்ள இடைவெளி என்றால் 1/2, 1/3. ஒரு பிள்ளை 1/6 துண்டுகள் ஐந்தை வைத்தது, விளையாட்டு ஏற்கவில்லை. அது பெரிய அநியாயம். பட்டியலைத் தூக்கிவிட்டு நீளத்தை மட்டும் பார்ப்பது என்று மாற்றினோம். உடனே அடுத்த சிக்கல்: தசமமாகக் கூட்டினால் கணினியில் கடைசி இலக்கங்கள் லேசாகப் பிசகும். கண்ணுக்குச் சரியாகப் பொருந்திய பலகையை நிரல் குறைகிறது என்று ஆற்றில் தள்ளும். அதனால் முழுப் பலகையின் நீளத்தை 120 என்று வைத்தோம். ரம்பத்தில் உள்ள எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் அது. அரை 60, மூன்றில் ஒன்று 40, பன்னிரண்டில் ஒன்று 10. எல்லாமே முழு எண், பிசகுக்கு இடமே இல்லை.

இதே உத்தியைப் பழைய தமிழ்க் கணக்கில் பார்க்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்திரி என்பது 320இல் ஒன்று. காணி நான்கு முந்திரி, மா பதினாறு, மாகாணி இருபது, அரைக்கால் நாற்பது, கால் எண்பது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி என்று பெயரே கூட்டலைச் சொல்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. பெயரைச் சொன்னாலே வெட்டிய விதம் தெரிகிற இந்தச் சொற்களை ஒரு கூடுதல் நிலையில் சேர்த்தோம். அரைக்கால் பலகையை எடு என்றதும் பிள்ளைகள் முதலில் காலை வெட்டி, அதைத் திரும்ப வெட்டினார்கள். (320ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை, அது மூன்றால் வகுபடாது.)

சொல் என்றதும் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிப்புக்கு முதலில் குரல் பதிந்தபோது 3/8ஐ "மூன்று பை எட்டு" என்று படித்திருந்தோம், பிள்ளைகள் பேச்சில் அப்படித்தான் வருகிறது. இரண்டாவது முறை "எட்டில் மூன்று" என்று மாற்றிப் பதிந்தோம். எட்டாக வெட்டு, அதில் மூன்றை எடு. ரம்பமும் கையும் செய்யும் வேலையை அதே வரிசையில் சொல் சொல்லிவிடுகிறது. தமிழ் இலவசமாகக் கொடுக்கும் உதவி இது, கல்வி விளையாட்டு செய்பவர்கள் விட்டுவிடக்கூடாது.

திரையில் உடைந்த எழுத்துகள்

தமிழில் விளையாட்டு செய்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. 'கொடி' என்று எழுதினோம். திரையில் 'க' முதலில் வந்தது, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் வந்து நின்றது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் முதலில் மெய்யின் எழுத்து, பிறகு உயிர்க்குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் இழுத்து, காலைப் பின்னால் வைத்து, ஒரே எழுத்தாகக் கோப்பது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. உலாவிகள் அதைச் சரியாகச் செய்கின்றன. விளையாட்டுகளை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்களான விளையாட்டு இயந்திரங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை, அல்லது மிகத் தாமதமாக வந்தது. கட்டற்ற மென்பொருளான கோடோ இயந்திரத்தில் 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பில்தான் அது முழுமையாகச் சேர்ந்தது. நாங்கள் எழுத்தை எல்லாம் உலாவியையே வரைய வைத்து, படங்களை மட்டும் இயந்திரத்திடம் விட்டோம்.

அதோடு முடியவில்லை. கதை சொல்லும் இடங்களில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும் என்று வைத்திருந்தோம். 'பொருத்து' என்பதில் முதலில் 'ப' வந்தது, அப்புறம் அது 'பொ'வாக மாறியது. 'ரு' வருவதற்கு முன் ஒரு கணம் 'ர'. பெரியவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை 'ப' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திகைத்து நின்றதைப் பார்த்தேன். நிரல் எண்ணுவது யூனிகோடு குறிகளை, பிள்ளை படிப்பது எழுத்தை. எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருக்கிறது, அதற்கு மாற்றினோம். அரை நாள் வேலைதான். அதைச் செய்யாமலே விட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் தங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள்?

போன், விரல், சத்தம்

சில பிள்ளைகளுக்கு விளையாட்டு நடுவிலேயே பக்கம் தானாக மறுபடி திறந்துகொண்டது. இணையம் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். காரணம் படங்கள். ஆறும் மலையும் உள்ள பின்னணி கோப்பாகப் பார்த்தால் மிகச் சிறியது, ஆனால் திரைக்கு வரும்போது அது விரிகிறது. 2048க்கு 2048 புள்ளிகள் உள்ள ஒரு படம், புள்ளிக்கு நான்கு பைட் வீதம், நினைவகத்தில் 16 எம்பி பிடிக்கும். எங்களிடம் அப்படிப் பல அடுக்குகள் இருந்தன. பழைய போன்கள் தாங்காமல் பக்கத்தை மூடித் திறந்தன. 1024ஆகக் குறைத்ததும் ஒவ்வொன்றும் 4 எம்பி ஆனது. கூடவே, ஒவ்வொரு பலகை வைத்ததும் நிலையை அந்தப் போனிலேயே சேமித்தோம். இணைப்பு அறுந்தாலும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பலகையை இழுக்கும்போது விரலே பலகையை மறைத்தது. எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் பிள்ளைகள் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிடித்த பலகை விரலுக்குச் சற்று மேலே மிதக்கும்படி மாற்றினோம். நெருங்கினால் தானாக ஒட்டிக்கொள்ளும் தூரத்தையும் பலமுறை திருத்த வேண்டியிருந்தது. அதிகமாக வைத்தால் கணக்கே போடாமல் ஒட்டிவிடும், குறைவாக வைத்தால் கணக்குத் தெரிந்த பிள்ளையும் கை நடுங்கித் தோற்கும். கை நடுக்கத்துக்குத் தண்டனை தருவது எங்கள் வேலை இல்லை. நீளம் சரியாக இருந்தால் இடம் கொஞ்சம் பிசகினாலும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று முடித்தோம்.

சத்தம் நாங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காதது. பாலம் கட்டி முடித்ததும் ஒரு வெற்றி இசை வரும். வீட்டில் தனியாக விளையாடும்போது நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் இருபது பிள்ளைகள் ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினால், இருபது வெற்றி இசையும் ஆசிரியரின் காதில்தான் விழும். வகுப்பு நேர இணைப்பில் ஒலியை முதலிலேயே அணைத்துவிட்டோம், வண்டி போவது மட்டும் ஓசையில்லாமல் தெரியும்.

பிள்ளைகளின் தகவலைப் பற்றி ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, படம், இருப்பிடம் எதையும் கேட்பதில்லை. ஆசிரியர் தரும் வகுப்புக் குறியீடும், பிள்ளை தேர்ந்தெடுக்கும் ஒரு பறவையும் போதும். அமெரிக்காவின் கோப்பா சட்டம் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. எங்களைக் கேட்டால், தேவையில்லாததை வாங்காமல் இருப்பது எல்லாச் சட்டத்துக்கும் முந்தியது.

ஆசிரியரின் திரை

இரண்டாவது பதிப்பில் ஆசிரியருக்கு மதிப்பெண் போவதில்லை. இதில் எங்களோடு சண்டை போட்டவர்கள் உண்டு, அவர்களுக்கு மேலே யாருக்கோ எண் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் முதல் முறை ஏமாற்றியது அந்த எண்தான். இப்போது ஆசிரியருக்குப் போவது படங்கள்: அந்த வகுப்பில் அதிகம் பேர் தடுமாறிய பாலம், அதில் ஆற்றில் விழுந்த மூன்று முயற்சிகள், கொடி எங்கே நடப்பட்டது என்ற குறி. யார் வைத்தது என்று அதில் இருக்காது.

1996இல் அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் ஒருவர் செய்த வேலை எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்லும் கருத்துரை பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 607 அளவீடுகளை ஆராய்ந்தார்கள். சராசரியில் கருத்துரை உதவியது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் அதற்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மேல் திரும்பும்போது அது உதவாமல் போகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பெயரில்லாத படம் அனுப்பியதற்குப் பின்னால் இருப்பது அதுதான்.

போனில் கூப்பிட்ட அதே ஆசிரியை ஒரு நாள் காலை அப்படி ஒரு படத்தைத் திரையில் போட்டார். "இந்தப் பலகை ஏன் விழுந்துச்சு, யாராவது சொல்லுங்க?" பத்து நிமிடம் பிள்ளைகள் மாறி மாறிப் பேசினார்கள். விளையாட்டு ஓடவே இல்லை. அன்றைக்குப் பின்னம் நன்றாக நடந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது. விளையாட்டு தனியாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தை நாங்கள் விட்டதும் அப்போதுதான்.

எவ்வளவு முன்னேற்றம் என்று சதவீதம் கேட்பவர்களுக்கு எங்களிடம் எண் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை நாங்கள் வைக்கவில்லை, அது இல்லாமல் எண் சொல்வது நேர்மை ஆகாது. விளையாட்டு இல்லாமல், வெறும் தாளில் ஒரு கோடு வரைந்து, 3/8 எங்கே, 5/4 எங்கே என்று குறிக்கச் சொல்லிப் பார்த்தோம். 5/4ஐ 1க்கு அப்பால் குறித்தவர்களைக் கண்டு மகிழ்ந்தோம், 1க்கு முன்னால் குறித்தவர்களோடு இன்னும் வேலை இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு இன்றைய வடிவில் பயன்படாது. நீளத்தை ஒலியாக மாற்றும் முயற்சி பாதியில் நிற்கிறது, அதை முடிக்காமல் விடமாட்டோம்.

கடைசியாக ஒரு சிறுமியின் ஆட்டம். வீடியோ அழைப்பில் தன் திரையைப் பகிர்ந்தபடி விளையாடினாள், நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவெளி 5/6. அரைப் பலகையை வைத்தாள். அடுத்து, மூன்றாக வெட்டாமல் நான்காக வெட்டி ஒரு துண்டை வைத்தாள். பாலம் கொஞ்சம் எட்டவில்லை. துண்டு விழுந்தது.

"கொஞ்சூண்டுதான் அக்கா பத்தல," என்றாள்.

அழித்துவிட்டு 1/3ஐ வைப்பாள் என்று நினைத்தேன். அவள் அதே இரண்டு பலகைகளையும் மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மிச்சமிருந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ரம்பத்தை 8க்குத் திருகி ஒரு துண்டு எடுத்தாள், முட்டிக்கொண்டு நின்றது. 10க்குத் திருகினாள், இன்னமும் முட்டியது, ஆனால் முன்னைவிடக் குறைவாக.

"இன்னும் நிறையா வெட்டணும். அப்பதான் சின்னதாகும்."

12க்குத் திருகி ஒரு துண்டை வைத்தாள். உட்கார்ந்தது. அரை, கால், பன்னிரண்டில் ஒன்று. அறுபது, முப்பது, பத்து. நிரல் நூறு என்று எண்ணிக்கொண்டது, வண்டி கடந்து போனது. அந்த விடை எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றியதில்லை.

அடுத்த பதிப்பில் ஆற்றில் விழும் பலகைகள் மறைந்துபோகாது. கரையில் ஒதுங்கி, எந்த அளவு என்ற குறியோடு அங்கேயே கிடக்கும். வேண்டுமென்றால் எடுத்துப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கலாம்.